இறங்கும் தேதி

“அவங்க இன்னும் ஒரு வாரம் மேலயே இருந்துட்டு வந்தா என்னங்க கெட்டுப்போகுது?”

பிரியங்கா கேட்டதும், கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டிவியில் நேற்றிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பத்து நாள் வேலை என்று விண்வெளிக்குப் போய், ஏறிப்போன கலம் கோளாறாகி, ஒன்பது மாதமாக அங்கேயே மாட்டிக்கொண்ட இரண்டு பேரும் அடுத்த புதன்கிழமை பூமிக்கு வருகிறார்களாம்.

முதலாளி ஈஸ்வரமூர்த்தி டம்ளரை டங்கென்று வைத்தார்.

“ஏனம்மிணி, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? ஒம்பது மாசமா அந்தரத்துல தொங்கறாங்க. பெத்த புள்ள மொகத்தை அவங்க பாக்க வேண்டாமா?”

“எம் புள்ள மொகத்தை நான் பாத்தும் ஏழு மாசமாச்சுங்க.”

வேலம்பாளையத்தில் அந்தப் பனியன் கம்பெனி ஹாஸ்டலில்தான் அவள் இருந்தாள். உடுமலைப் பக்கம் கொமரலிங்கத்தில் அம்மாவிடம் விட்டு வந்த மகளுக்கு நாளை மறுநாள் காதுகுத்து. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. மூன்று நாள் லீவுக்கு முதலாளியும் தலையாட்டியிருந்தார்.

டிவியில் தேதி சொன்னார்கள். லீவு போயிற்று.

அந்த இரண்டு பேரும் இறங்கும் தேதியை நெஞ்சில் அச்சடித்த வரவேற்புப் பனியன் கேட்டு வெளிநாட்டு ஆர்டர் வந்திருந்தது. சனிக்கிழமைக்குள் தைத்து விமானம் ஏற்றியாக வேண்டும். அதுவரை யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது.

“அதுவும் இதுவும் ஒண்ணா?” என்றார் முதலாளி. “அவங்க நெனச்சாலும் ஊடு வந்து சேர முடியாது. அது உனக்குப் புரியுதா?”

“எனக்கும் அதேதானுங்க. கேட்டுல பூட்டுத் தொங்குது.”

“எதுத்துப் பேசாத. எனக்கு வர்ற ஆத்தரத்துக்கு, அவங்களை அனுப்பி வெச்சவனை நிக்க வெச்சுக் கேக்கோணும். திரும்பி வர வழி பண்ணாம எப்படிடா ஆளை வேலைக்குக் கூட்டிட்டுப் போனேன்னு.”

எல்லோரும் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லைன் சூப்பர்வைசர் சித்ராதேவி எழுந்தாள்.

“மொதலாளிங்க, இவளை இப்படியே உட்டா லைனே கெட்டுப்போயிரும். மூணு நாளைக்கு வெளிய நிறுத்துங்க. அப்பத்தான் வாய்க்கொழுப்பு அடங்கும்.”

“அக்கா, நீங்களுமா?” என்றாள் செக்கிங் பழனாத்தாள்.

“நீ துணியப் பாரு.”

முதலாளி யோசித்தார். “ஆள் கொறையுமே?”

“அவ மிஷின்ல நான் உக்காந்துக்கறனுங்க. ராத்திரி ஷிப்டும் சேத்துப் பாத்துக்கறேன். இவ மூஞ்சியப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

“அப்பச் சரி, அனுப்பிப்போடு. சனிக்கிழமை பொழுதோட வந்து மன்னிப்புக் கேட்டா மறுபடி வேலை. இல்லீன்னா இல்ல.”

பிரியங்காவின் கையைப் பிடித்துத் தரதரவென்று ஹாஸ்டலுக்கு இழுத்துப் போனாள் சித்ராதேவி. இருந்த துணிகளைப் பையில் திணித்தாள். பையை அவள் தோளில் மாட்டி, வாட்ச்மேன் நல்லானைக் கூப்பிட்டுக் கேட்டைத் திறக்கச் சொன்னாள்.

“அவளும் ஒரு புள்ளையப் பெத்தவதான?” என்று சித்ராதேவியின் காது கேட்கவே பழனாத்தாள் திட்டினாள்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் பிரியங்காவுக்கு அடக்க முடியவில்லை. “உங்களுக்கு நான் என்னக்கா கெடுதல் பண்ணுனேன்?” என்று தேம்பினாள்.

சித்ராதேவி அவளை ரோட்டுப் பக்கம் ஒரு தள்ளு தள்ளினாள். பிறகு குனிந்து, மெல்லச் சொன்னாள்.

“அழுகைய நிறுத்திப்போடாத கண்ணு, மொதலாளி சன்னல்ல நின்னு பாக்கறாரு. இப்படியே அழுதுட்டே போய் அஞ்சரை உடுமலை பஸ்ஸைப் புடி.”