லிஃப்ட்காரரைப் பற்றி ஒரு புகார்

கதவு மூடிவிட்டது. லிஃப்ட் மட்டும் நகரவில்லை.

லிஃப்ட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, பட்டன்மேல் ஒரு விரலை வைத்தபடி குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு கை முழங்காலில் தாளம் போட்டது.

"நாலாவது மாடிங்க. ஒவ்வொரு தடவையும் சொல்லணுமா?" என்றாள் அம்மா.

"மே...ல" என்று குழந்தையைப் பார்த்து ராகமாக இழுத்துவிட்டு, அப்புறம்தான் அழுத்தினார்.

மூன்று வாரமாக இதே கூத்து. வாய் திறக்காத குழந்தையிடம் போய் என்ன கேலி?

மகளுக்கு மூன்றரை வயது. இன்னும் 'அம்மா' கூட வரவில்லை. "என் தம்பியும் நாலு வயசுலதான் வாயைத் திறந்தான். இப்ப மூடச் சொல்லு பார்ப்போம்" என்று நாத்தனார் சிரிக்க வைத்தே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள். போன வருஷமே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டபோது சிரிப்பு நின்றது.

இனி ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். வாரம் மூன்று நாள் ஆபீஸில் கெஞ்சிப் பெர்மிஷன் வாங்கினாள். வீட்டிலும் ஓட்டம்தான். குழந்தை தண்ணீர்ப் பக்கம் கண்ணைத் திருப்புவதற்குள் டம்ளர் அதன் கையில் இருக்கும்.

நாலாவது மாடியில் பேச்சுப் பயிற்சி அரை மணி நேரம். அதிலும் இந்த மனிதர் கை வைத்தால்?

வெள்ளிக்கிழமை கட்டட மேலாளரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஸ்டூலில் புது ஆள். உள்ளே கால் வைத்ததுமே "நாலுதானே?" என்று அழுத்திவிட்டார். பழையவரை பார்க்கிங் கேட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

லிஃப்ட் ஏறத் தொடங்கியது. குழந்தை புது ஆளின் முகத்தைப் பார்த்தது. முழங்காலைப் பார்த்தது. அங்கே தாளம் இல்லை. அம்மாவின் கையை உதறிவிட்டுப் போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"மே...ல."

புது ஆள் திரும்பவில்லை. லிஃப்ட்தான் பாதி தூரம் போய்விட்டதே.

நாலாவது மாடி வந்து கதவு திறந்தது அம்மாவுக்குத் தெரியவில்லை.

விஷயத்தைக் கேட்ட தெரபிஸ்ட் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ரொம்பப் பொறுமையா காத்திருந்து வாங்கியிருக்கீங்க. இதைத்தான் வீட்டுல செய்யச் சொன்னேன்."

அம்மா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

பயிற்சி முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படிவழியே இறங்கினாள். மேலாளர் யோசிப்போம் என்றார். கையெழுத்துப் போடும்வரை நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

பார்க்கிங் கேட்டில் வெயிலில் நின்றிருந்தவர், முதலில் குழந்தையைத்தான் பார்த்தார்.

"புதன்கிழமை நீங்க லிஃப்டுலதான் இருக்கணும். எழுதி வாங்கிட்டேன்" என்றாள். "இவ பேசிட்டா. இப்படியெல்லாம் செய்யணும்னு உங்களுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?"

"நீங்கதாம்மா. முதல் நாள் பயிற்சி முடிஞ்சு லிஃப்டுல இறங்கும்போது போன்ல சார்கிட்ட சொன்னீங்களே. முந்திக்கிட்டுச் செஞ்சு குடுக்கக் கூடாது, முகத்தைப் பார்த்து மனசுக்குள்ள பத்து எண்ணணும், அப்பவும் பேசலைன்னா அந்த வார்த்தையை நாம சொல்லிட்டுச் செய்யணும்னு."

அவர் விரல்கள் தொடையில் மெல்லத் தாளம் போட்டன.

"நானும் எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளும் நீங்க ஏழுக்கு மேல விடலையேம்மா."