புறங்கை

நான்காவது முறையாகப் புறங்கையில் உதட்டை வைத்து அழுத்தினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் முபாரக் தலையை ஆட்டினார். இல்லை என்றுதான்.

டப்பிங்கில் முத்தம் இப்படித்தான். ஆளில்லாத அறை, ஒரு மைக், சொந்தக் கை. கதாநாயகனின் குரலை வேறொருவர் வேறொரு நாள் வந்து பேசிவிட்டுப் போவார்.

குரோஷியா நாட்டுப் படம். சிரிப்பும் காதலுமான கதை. முப்பத்தைந்து வயதாகியும் தனியாக இருக்கும் ஒருத்தி, ஊரெல்லாம் காதலனைத் தேடி அலைகிறாள். அந்த ஊரிலும் அம்மாக்காரி விடாமல் போன் செய்கிறாள், ஏதாவது அமைந்ததா என்று.

அந்தப் பெண்ணுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறவளுக்கு வயது நாற்பத்து நான்கு. அவளிடம் அப்படிக் கேட்பதை வீட்டில் நிறுத்தி மூன்று வருடமாகிறது.

இரண்டு நாளாக அந்தப் பெண்ணுக்காகச் சிரித்தாள், சண்டை போட்டாள், மூக்கை உறிஞ்சி அழுதாள். எல்லாம் ஒரே டேக். இந்தக் கடைசி முத்தம்தான் வரமாட்டேன் என்கிறது.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். சத்தம் வருது, உயிர் வரல. பழைய ஃபைல்ல ஒண்ணு இருக்கும், அதைப் போட்டுக்கறேன்."

சரி என்றாள்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். முத்தம் கொடுக்க ஆளில்லை என்பது பழகிப்போயிருந்தது. தன் கைக்குக் கொடுக்கவும் வராது என்பது இன்றுதான் தெரிந்தது. அவமானமாக இருந்தது.

ஹெட்ஃபோனில் ஒரு முத்தம் கேட்டது.

அதன் பின்னால், மிக மெல்ல, ஒரு கண்ணாடி வளையல்.

அவள் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

மைக் முன்னால் வளையல் கூடாது. இருபது வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு நாள் அவள் கழற்ற மறுத்தாள். அருட்செல்வன் பாண்டி பஜாரில் வாங்கி, அங்கேயே போட்டுவிட்ட வளையல்கள். அப்போதெல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே மைக். அவன் தோள் உரச நின்று கதாநாயகனுக்குப் பேசினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு தன் புறங்கையில்தான் முத்தமிட்டாள். கொடுத்தது அவனுக்கு.

அந்தத் தை மாதம் அவன் மாமா பெண்ணைக் கட்டிக்கொண்டான். பத்திரிகை வைக்க நேரிலேயே வந்தான்.

முபாரக் படத்தோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தார். உதடும் சத்தமும் ஒட்டிக்கொண்டன.

"யாருன்னு தெரியல மேடம். ஆனா இவங்க நெஜமாவே குடுத்திருக்காங்க. அந்த வளையல்தான் இடிக்குது."

அவள் தன் வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வளையல் சத்தத்தை மட்டும் வெட்டி எடுத்தார். மறுபடி ஓட்டினார்.

"இப்ப சுத்தமா இருக்குல்ல?"

"சுத்தமா இருக்கு" என்றாள்.