கடைசி மேகத்தின் ஆக்சிஜன்

கோடு இருந்தது.

அவள் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். எழுந்து நின்று பார்த்தாள். இருக்கத்தான் செய்தது. நிறமாலையின் நீலப் பக்கத்தில், பொடிசாக ஒரு கோடு.

சுருள் விண்மீன்திரளின் விளிம்பில் மினுங்கும் கடைசி வாயு மேகம். அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்ல இந்த ஒரு கோடுதான் வேண்டும். மற்ற மேகங்களின் கணக்கெல்லாம் முடிந்துவிட்டது. இது இல்லாமல்தான் ஆய்வேடு இழுத்துக்கொண்டே கிடக்கிறது.

"அடி சக்கை!" என்றாள், யாருமில்லாத அறையில்.

சொல்லி வாய் மூடுவதற்குள் நினைவுக்கு வந்தது.

திருவிழா.

இந்த மேகத்தைப் பதிவு செய்த அன்று பொழுது சாயும் நேரம், மலைமேல் இருக்கும் தொலைநோக்கிக்கு ஏறும்போது பார்த்திருந்தாள். அடிவாரத்து ஊரில் தெருவுக்குத் தெரு ட்யூப்லைட். ட்யூப்லைட்டுக்குள் பாதரசம். அந்த வெளிச்சம் வானத்தில் பட்டுத் தொலைநோக்கிக்குள் நுழைந்தால், அதுவும் நீலத்தில் கோடு போடும். இந்த விண்மீன்திரள் வேறு நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அதனால் அதன் ஆக்சிஜன் கோடு கொஞ்சம் நகர்ந்து, சரியாகப் பாதரசத்தின் இடத்திலேயே வந்து உட்காரும்.

உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

ட்யூப்லைட்டை அளந்து மேகம் என்று எழுதினால் மானம் கப்பலேறும். தொலைநோக்கி மறுபடி கிடைக்க அடுத்த வருடம் ஆகும்.

ஒரு வழி இருந்தது. பாதரசம் என்றால் பச்சையிலும் ஒரு கோடு விழுந்திருக்கும். ஆக்சிஜன் அங்கே எட்டிப் பார்க்காது.

உடனே பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. டீ குடித்தாள். மேசையைத் துடைத்தாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு பச்சைக்குப் போனாள்.

சமதரை. ஒரு மேடும் இல்லை.

அத்தனை ட்யூப்லைட்டுக்கு ஒரு பொட்டுகூடவா விழவில்லை? நம்ப முடியாமல் வேடியப்பனுக்குப் போன் செய்தாள். தொலைநோக்கியை இயக்குகிறவர். அவருக்கும் அதே அடிவாரத்து ஊர்தான்.

"அண்ணா, அன்னிக்கு உங்க ஊர்த் திருவிழா எப்படி நடந்துச்சு?"

"அதை ஏம்மா கேக்கறீங்க! இருட்டினதுமே டிரான்ஸ்பார்மர் வெடிச்சுப் போச்சாம். விடியற வரைக்கும் கரண்ட் இல்ல. அம்மனைத் தட்டுத்தடுமாறித் தூக்கிட்டு வந்திருக்காங்க. சுத்துப்பட்டு ஊரெல்லாம் சிரிக்குது."

"அய்யய்யோ..."

குரலைப் பாவமாக வைத்துக்கொள்ள உதட்டைக் கடித்தாள். சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அடுத்த வருஷம் விடறதா இல்ல. ரெண்டு ஜெனரேட்டருக்குச் சொல்லியாச்சு" என்றவர், சற்றே தயங்கினார். "வெளிச்சம் உங்க வேலைக்கு இடைஞ்சலா இருக்குமோ?"

"வைங்கண்ணா" என்றாள். "மலை மேல வரைக்கும் தெரியற மாதிரி வைங்க."