கறுப்புத் தகடு
ஷெட்டின் நடுவே நான்கு ஸ்டாண்டுகளின் மேல் வெற்றுச் சேசிஸ் நிற்கிறது, பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் காரின் எலும்புக்கூடு. மழை ஈரத்தில் மூலைகளில் துரு பூக்கத் தொடங்கிவிட்டது. எந்தப் பூச்சு என்று இன்றைக்கே முடிவாக வேண்டும். சேசிஸை வெல்டிங் செய்த தம்பி, பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டும் பவுடர் கோட்டிங் போட்ட கறுப்பு மாதிரித் தகடு ஒன்றை அதன் மேல் வைக்கிறான். கண்ணாடி போல மின்னுகிறது. "இதைப் போட்டா ஆயுசுக்கும் துரு அண்டாது, மாமா." அவன் அக்காவின் கணவர் வெளிர்சாம்பல் பெயிண்ட் டப்பாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவ்வளவு தடிப்பா மூடிட்டா, உள்ள விரிசல் விட்டாலும் கண்ணுக்குத் தெரியாதே, மாப்ள." தகரக் கூரையில் மழை வலுக்கிறது. "என் வெல்டிங் விட்டுரும்ங்கிறீங்க." "நான் அப்படிச் சொல்லல." "பூசி மெழுகாதீங்க, மாமா. நேரா சொல்லுங்க." அவர் நகம் டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டே இருக்கிறது. டீயோடு வந்த அக்கா கோப்பைகளைப் பெஞ்சில் வைத்துவிட்டு, சேசிஸின் சட்டங்களுக்கு நடுவே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்காருகிறாள். இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்புகிறாள். "என் சீட்டு இங்கதானே வரும்?" அவள் முழங்கை ஒரு மூலை இணைப்பில் உரசுகிறது. வெல்டிங்கின் கடைசி நாள் அவசரத்தில் தம்பி பற்றவைத்த இணைப்பு அது. அவன் குனிந்து கட்டைவிரலால் அதைத் தடவுகிறான், திரும்பவும் தடவுகிறான். "எந்திரிக்கா." கறுப்புத் தகட்டைப் பெஞ்சில் குப்புறப் போட்டுவிட்டுக் கிரைண்டரை எடுக்கிறான். "பூச்சை அப்புறம் பாக்கலாம், மாமா. முதல்ல இதை அறுக்கணும்."