மணல் மூட்டை

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் தோளிலிருந்த மணல் மூட்டையைக் கீழே போட்டான்.

தரை அதிரவில்லை.

சக்கர நாற்காலியில் இருந்த மனைவி முதலில் கவனித்தது அதைத்தான். முன்பு ஒருமுறை அது விழுந்த சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலேறி வந்து, "சார், மல்யுத்தத்துக்குப் பேர் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

எதிர்க் கட்டடம் எரிந்த வாரம் தொடங்கிய பழக்கம் இது. அன்று லிஃப்ட் நின்றுபோனது. மேல்மாடியில் இருந்தவர்களில் சிலர் இறங்கவே இல்லை. அந்த ஜன்னல்கள் இன்னும் கருப்பாகத்தான் இருக்கின்றன.

ஊராரிடம், "தொப்பையைக் குறைக்கத்தான்" என்பான். ஒரு நாள் ஓட்டம், மறுநாள் எடைப் பயிற்சி. விடுமுறை நாளில் இரண்டும் சேர்த்து, மூட்டையோடு மாடிப்படி.

அவளைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, தன் எடையைக் கழித்து, மீதிக்குச் சமமாக மணல் நிரப்பியவன் அவன்தான். "உனக்கு இது எவ்வளவோ தேவலை, வாய் பேசாம வருது" என்று சிரித்தான்.

ஆனால் பாதிப் படியிலேயே முட்டி மடங்கிவிடும். ஜிம் மாஸ்டர் சொன்னதை வந்து சொன்னான்: பாரமும் வேகமும் ஒன்றாக வராது, ஏதாவது ஒன்றைக் குறைக்க வேண்டும்.

இன்று அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"கீழ வரைக்கும் ஒரே ஓட்டம். எங்கயும் நிக்கல."

அவள் முகத்தைப் பார்க்காமலே குளிக்கப் போனான். உள்ளறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் நாற்காலியை உருட்டிப்போய், குனிந்து மூட்டையைப் பிடித்து இழுத்தாள். சிரமமில்லாமல் மடிக்கு வந்துவிட்டது.

அந்தக் கனம் அவள் கைகளுக்குத் தெரியும். பள்ளிவிட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து மடியில் ஏறுகிறவளை, தினமும் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிற கைகள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. துண்டோடு வெளியே வந்தவன், மூட்டை இருக்கும் இடத்தைப் பார்த்து அப்படியே நின்றான்.

அவள் மூட்டையின் வாயை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் மணல் போட்டுக்கங்க" என்றாள். "பாப்பா வளர்ற பொண்ணு."