பாப்பா, செத்த நகருங்க

"பாப்பா... செத்த இடது பக்கமா நகருங்க பாப்பா..."

கோல்கீப்பர் செல்லக்கனி இதை மரியாதை குறையாமல் சொல்லி முடிப்பதற்குள், பந்து அவளைத் தாண்டி வலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

பாப்பா நகரவில்லை. கீப்பரின் கண்ணை மறைத்துக்கொண்டு கம்பம் மாதிரி நின்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை. பத்தாம் வகுப்பு வெங்கடேஸ்வரி. கோலுக்கு முன்னால் டிஃபென்ஸில் நிற்பவள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி நடத்தும் அழகுராஜாவின் ஒரே மகள். செல்லக்கனியின் அம்மா வெள்ளத்தாய்க்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை. முதலாளி மகளை அங்கே எல்லோருக்கும் பாப்பா என்றுதான் பழக்கம். கம்பெனியில் காட்டுகிற மரியாதையை கிரவுண்டில் மட்டும் விட்டுவிட முடியுமா?

கோச் இவாஞ்சலின் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏட்டி கனி, பேரைச் சொல்லு. என்ன செய்யணும்னு சொல்லு. அம்புட்டுத்தான். நீ 'ங்க' போட்டு முடிக்கிற வரைக்கும் பந்து நின்னு கேக்குமா? எங்க, மாரிச்செல்வியக் கூப்பிடு பாப்போம்."

"மாரி, பின்னால வா!"

ரோட்டில் போன டவுன் பஸ் கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படிப் போடு. இப்ப வெங்கியக் கூப்பிடு."

செல்லக்கனியின் கண் ஓரமாகப் போனது. ஷிப்ட் முடிந்து மகளைக் கூட்டிப்போக வந்த வெள்ளத்தாய் அங்கே நின்றாள்.

"பாப்பா..."

காற்றுப் போன டியூப் மாதிரி வந்தது குரல்.

அழகுராஜா நாற்காலியில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீமுக்கு ஜெர்சி எடுத்துக் கொடுத்த வள்ளல் அவர். நெஞ்சு முழுக்கக் கம்பெனி பெயர். முதுகில் நம்பரும் உண்டு, தேடினால் கிடைக்கும். அந்த மைதானத்தில் நாற்காலி அவருக்கு மட்டும்தான்.

"மேடம், கீப்பருக்கு முக்கியமே கம்யூனிகேஷன்தான். வாயில்லாத புள்ளைய நிப்பாட்டினா எப்படி ஜெயிக்க? எங்க கம்பெனியப் பாருங்க. யாரு வேணும்னாலும் எங்கிட்ட ஓப்பனாப் பேசலாம்."

வெள்ளத்தாய் தலையாட்டினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அவரிடம் ஓப்பனாகச் செய்தது அது ஒன்றுதான்.

"சொல்லத்தான் செய்யுதா சார். உங்க பொண்ணும் திரும்பணும்ல?" என்று கேட்டார் கோச்.

"எம் பொண்ணை ஏன் இழுக்கீங்க? அந்தப் புள்ள மரியாதையாத்தான் கூப்பிடுது. சத்தந்தான் பத்தல."

"பெரிய வீட்டுக் காது. நம்ம சத்தம்லாம் உள்ள ஏறாது," என்று மாரிச்செல்வி முணுமுணுத்தாள். வேடிக்கை பார்த்த அத்தனை பேருக்கும் அதுதான் தோன்றியது. பாவப்பட்ட பிள்ளை கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பக்கூட மனசு வராத திமிர்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஃபைனல். மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்று பேச்சு. எடுத்துவிட்டால் செல்லக்கனி விளையாட்டு விடுதியில் தங்கி மேலே படிக்கலாம். இல்லாவிட்டால் பத்தாவதோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேண்டேஜ் மடிக்க வேண்டியதுதான்.

முதல் பாதியிலேயே ஒரு "பாப்பா, நகருங்க" கோலாகிவிட்டது. இடைவேளையில் இவாஞ்சலின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி வாங்கினா ஆள மாத்திருவேன் கனி. பொறவு எம்மேல வருத்தப்படாத."

மாரிச்செல்வி ஒரு கோல் அடித்துச் சமன் செய்தாள். ஆட்டம் முடியும் நேரத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர். தூக்கி அடித்த பந்து கூட்டத்துக்கு நடுவில் விழுந்தது. எதிரணிப் பெண் காலை ஓங்கினாள். செல்லக்கனிக்குத் தெரிந்ததெல்லாம் வெங்கடேஸ்வரியின் முதுகும் கம்பெனி கொடுத்த நம்பரும்தான்.

கனி இந்த முறை, மேட்ச் பார்க்க வந்து ஓரமாக நின்ற அம்மா பக்கம் பார்க்கவில்லை.

"ஏட்டி வெங்கி, வெலகு!"

வெங்கி சட்டென்று விலகினாள். கனி பாய்ந்து பந்தைப் பிடித்தாள். எழுந்த வேகத்தில் மாரிச்செல்விக்கு உதைத்தாள். மாரி அதைக் கொண்டுபோய் கோலாக்கிவிட, ராஜபாளையம் ஜெயித்தது.

எல்லோரும் குதித்தார்கள். கை தட்டப் போன அழகுராஜா மட்டும் பாதியில் கையைக் கீழே இறக்கினார். ஜெயித்தால் கொடுக்கவென்று வாங்கிய பால்கோவா அவர் மடியிலேயே இருந்தது.

"ஜெயிச்சது சரி மேடம். அதுக்காக, எங்கிட்ட சம்பளம் வாங்குறவ மக, எம் பொண்ண, ஊருக்கு முன்னால ஏட்டிங்கலாமா?"

"கம்யூனிகேஷன் சார்," என்றார் இவாஞ்சலின்.

"அதுக்கு ஒரு முறை வேண்டாமா?"

அதற்குள் வெள்ளத்தாய் மைதானத்துக்குள் ஓடிவிட்டாள். ஜெயித்த மகளின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"கால்ல விழுந்து மன்னிப்புக் கேளுடி! பாப்பா, தெரியாமச் சொல்லிட்டா. மனசுல வச்சிக்கிடாதீங்க பாப்பா..."

செல்லக்கனி அழுதுகொண்டே குனிந்தாள்.

"பாப்பா! இங்க வா, வீட்டுக்குப் போவோம்!" என்று அழகுராஜா கத்தினார்.

அதற்கும் வெங்கடேஸ்வரி திரும்பவில்லை. குனிந்தவளை இழுத்து நிமிர்த்தி, வியர்வையும் மண்ணுமாகக் கட்டிக்கொண்டாள்.

"வெங்கின்னு கூப்பிடு, பாப்பான்னு கூப்பிட்டா கோலே விழுந்தாலும் திரும்ப மாட்டேன்னு எம்புட்டு நாளாச் சொல்லுதேன்! இன்னைக்காச்சும் வாய் வந்துச்சே எருமை!"