ஒரே வலைக்கு மூன்று பேர்

“அந்த வலையை விரிச்சது நான்தாங்க, சார். எழுதிக்குங்க.”

மீன்வள ஆய்வாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டு வந்து நிற்கும் மூன்றாவது ஆள் இந்தத் தாடிக்காரர்.

மீன்கள் முட்டையிடும் காலம். ஏரியில் வலை விரிக்கக் கூடாதென்று போன மாதம்தான் ஆய்வாளர் மீனவர் சங்கத்தைக் கூட்டித் தடை போட்டிருந்தார். அப்படியும் இன்று விடிந்ததும் ஓடை வந்து விழும் இடத்தில் ஒரு வலை. அதில் வயிறு கொள்ளாத முட்டையோடு மீன்கள். விரித்தவர் பிடிபட்டால் அவருடைய உரிமம் ரத்தாகும். யாரும் பிடிபடாவிட்டால் ஏரியே சங்கத்தின் கையை விட்டுப் பழைய குத்தகைக்காரரிடம் போய்விடும். சாயங்காலத்துக்குள் மேலிடத்துக்கு ஒரு பெயர் போயாக வேண்டும்.

வழக்கமாக இவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கை காட்டுவார்கள். வலியப் போய்க் கழுத்தை நீட்டுவதை ஆய்வாளர் தன் உத்தியோகத்தில் பார்த்ததே இல்லை.

“எப்ப விரிச்சீங்க?”

“விடியறதுக்கு முன்னாடி.”

“உங்களுக்கு முன்னாடி வந்த உங்க மாமாவும் மச்சானும் இதையேதான் சொல்றாங்க. ஒரு வலையை மூணு பேரா விரிச்சீங்க?”

“அவங்க சும்மா உளறுறாங்க, சார்.”

“நீங்க உளறாதீங்க, மாப்பிள்ளை,” என்று வாசலிலிருந்து மாமாவின் குரல் வந்தது. “முதல்ல வந்தவன் நான். என் பேரைத்தான் எழுதணும்.”

உரிமம் வாங்க முண்டியடிப்பார்கள், சரி. அதைப் பறிகொடுக்கவுமா இப்படி?

கைபேசி அடித்தது. போன வாரம் அவரோடு தங்க வந்திருந்த அம்மா.

“சாப்பிட வரலையாடா?”

“இங்க ஒரு கேஸும்மா. ஒரு மண்ணும் புரியல.”

“யாரா இருந்தா என்ன, விட்டுடேன். மனுஷங்கதானே, ஏதோ ஆசைப்பட்டிருப்பாங்க.”

“சர்க்கார் என்ன நம்ம வீட்டு அடுப்படியா, இஷ்டத்துக்கு விட?” என்று வைத்துவிட்டார்.

அப்போது சங்கத் தலைவி உள்ளே வந்தார். தாடிக்காரரைப் பார்த்ததும் முகம் சுளித்தார். “நான் ஒருத்தி வந்து ஒத்துக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவங்களும் கிளம்பிட்டாங்களா?”

“அக்கா, நீங்களுமா?” ஆய்வாளருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. “தப்பு செய்யாதவங்க பிழைப்புல மண்ணள்ளிப் போட்டு நான் கையெழுத்துப் போடமாட்டேன். யாரைக் காப்பாத்தறீங்க? அதையாவது சொல்லுங்க.”

தலைவி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“உங்களைத்தான், தம்பி. குத்தகைக்காரன்கிட்டேருந்து எங்களுக்கு ஏரியை மீட்டுக் கொடுத்தவரை நாங்களே எப்படி மாட்டிவிடறது?”

“என்னையா? நான் என்ன செஞ்சேன்?”

“நேத்து உங்கம்மா வந்து வலை கேட்டாங்க. தடை இருக்கும்மான்னு எவ்வளவோ சொன்னோம். ‘அதைப் போட்டதே எம்புள்ளைதானே, எனக்கு என்ன தடை’ன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க.”